வைட் ரிசீவர் மாப்பிள்ளை

எங்கள் வெள்ளவத்தையில் ‘புரொஃபெஷனல்’ என்றால் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்ட். நாலாவது ஒன்று கிடையாது. ஆகவே மாப்பிள்ளை அமெரிக்காவில் ‘புரொஃபெஷனல் வைட் ரிசீவர்’ ஆக இருந்தவர் என்று கலியாணத் தரகர் சொன்னபோது எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த கந்தோர் கடனில் மூழ்கியபோது கணக்குவழக்கைப் பொறுப்பெடுக்க நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமித்தது. கண்ணாடி போட்ட, அளந்து கதைக்கிற மனிதர். “வைட் எண்டால் வெள்ளைக்காரக் கொம்பனியளுக்கு,” என்று மனைவி விளக்கம் சொன்னாள். மகளின் வாழ்க்கையை இந்த விளக்கத்தின் மேல்தான் வைத்தோம்.

பெண் பார்க்கத் தாயோடு வந்தவருக்குக் கதவளவு தோள்.

“எந்தக் கொம்பனி, தம்பி?”

“கொம்பனி இல்லை அங்கிள், டீம். அமெரிக்கன் ஃபுட்போல். எறியிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறது. மற்றவங்கள் வந்து மோதி விழுத்துவாங்கள்.”

மகள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தாள்.

காலால் உதைக்காத உதைபந்து! அதிலும் இரண்டே பருவம், பெரும்பாலும் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்து. ஒருநாள் பனிக்குள் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தாராம். அந்த ஒற்றைப் பந்தை வைத்துத்தான் தாய் ஊரெல்லாம் பெண் தேடிக்கொண்டிருந்தார். “ரீவியில காட்டினவங்கள்,” என்றார், மகன் நிலவில் இறங்கியதுபோல.

தேத்தண்ணியோடு வைத்த பற்றிஸ் முடிவதற்குள் மாப்பிள்ளை பனிக் கதையை மறுபடி தொடங்கினார். அதே சொற்கள், அதே இடத்தில் அதே சிரிப்பு.

“பயணக் களைப்பு,” என்றார் தாய்.

மூன்றாம் முறையும் தொடங்கினார். மகள் கோப்பையை வைத்தாள்.

“விளையாட்டிலயும் பயிற்சியிலயும் தலையில எத்தனை தரம் அடிபட்டது?”

“பொம்பிளை பார்க்க வந்த இடத்தில என்ன கேள்வி பிள்ளை இது?” என்று தாய் சீறினார்.

மாப்பிள்ளை மட்டும் உண்மையாகவே யோசித்தார். “தெரியேல்லை,” என்றார்.

குசினியில் தாய் என் மனைவியிடம் மெல்லச் சொன்னாராம்: “எனக்கும் வயசு போகுது. கலியாணம் முடிஞ்சால் கவனிக்க ஒராள் இருக்கும்.” மருமகள் தேடி வரவில்லை, ஆயா தேடி வந்திருக்கிறார்.

புறப்படும்போது மாப்பிள்ளை என் கையைக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே கேட்டார்: “அங்கிள், இது ஆற்றை வீடு? யாரிட்ட வந்திருக்கிறம்?”

“பகிடி விடுறான்,” என்று தாய் அவரை லிஃப்டுக்குள் தள்ளினார்.

மறுநாள் தரகர் போன் எடுத்தார். “அமெரிக்கச் சிற்றிசன், ஐயா. யோசியுங்கோ.” என் மனைவி யோசிக்கவே தொடங்கிவிட்டாள். மகள் போனை என்னிடமிருந்து பறித்தாள்.

“அவருக்குத் தேவை டொக்டர், கலியாணம் கட்ட மனிசி இல்லை. அதைத் தாயிட்டச் சொல்லுங்கோ.”

வைத்துவிட்டாள்.