வாகட்டுக்கு வந்த கோட்டைவாசல்

புனேயில் எங்கள் வாகட் குடியிருப்புக்குக் கோட்டைவாசல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிக்னிக்கால். சொசைட்டி கமிட்டிக்காரர்கள் குடும்பத்தோடு புனேக்கு வெளியே ஒரு மலைக்கோட்டைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் கமிட்டிச் செயலாளர் என்பதால் நானும் மூச்சு வாங்க ஏறினேன். கோட்டைக்குள் பழைய காலத்து ஊர் இன்னும் குடியும் குடித்தனமுமாக இருக்கிறது. போகும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள். யானை முட்டாமலிருக்க இரும்பு முள் பதித்த பெரிய கதவு, அந்தக் கதவிலேயே ஆள் நுழைய ஒரு குட்டிக் கதவு.

"குட்டிக் கதவு ஏன் இவ்வளவு குள்ளம் தெரியுமா? வர்றவன் தலையைக் குனிஞ்சுதான் நுழையணும். உள்ளே வாளோட காவலாளி நிப்பான்" என்று வழிகாட்டி இந்தியில் சொன்னதும் கமிட்டி மொத்தமும் சொக்கிப்போனது. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊர்க்காரப் பெண் ஒருத்தி, திறந்து கிடந்த பெரிய கதவு வழியாக எருமையை ஓட்டிக்கொண்டு போனாள். அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் பழைய கேட்டை இடித்துவிட்டார்கள். புதுக் கதவில் முள்கூட உண்டு, ஃபைபரில். வாகட்டில் எந்த யானை வரப்போகிறதோ. பெரிய கதவு சொசைட்டி ஸ்டிக்கர் ஒட்டிய கார்களுக்கு மட்டும். வேலைக்கு வரும் பெண்கள், பால்காரர், பார்சல் கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் குட்டிக் கதவு. கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு நிலைப்படி வேறு. எங்களில் நடந்து வருகிறவர் யார்? கொத்தமல்லிக்கட்டு வாங்கவும் காரில்தான் போவோம்.

"ஹெரிட்டேஜ் ஃபீல்" என்றார் என் வீட்டுக்காரர். குனிகிறவர்களுக்கு என்ன ஃபீல் என்று கேட்டேன். உனக்கு எதிலும் நொட்டைதான் என்றார்.

என் வீட்டுக்குச் சமையலுக்கு வருகிறவளுக்கு அப்போது எட்டாம் மாதம். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. புதுக் கதவு வந்த முதல் நாள் குனிந்து, காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். செக்யூரிட்டி தண்ணீர் கொடுத்தார். பெரிய கதவைத் திறக்க அவருக்கு உத்தரவில்லை.

மேலே வந்து, "தீதி, நாளையிலேர்ந்து வரலை. நான் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க வேற ஆள் வெச்சுக்குவீங்க, தெரியும். ஆனா விழுந்துட்டா என்ன பண்றது?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் செயலாளரைப் பிடித்தேன்.

"ஏங்க, வயித்துப்பிள்ளைக்காரி எப்படிங்க குனிவா? அவளுக்கு மட்டும் பெரிய கதவைத் திறந்துவிடச் சொல்லுங்க."

"ஒருத்திக்குத் திறந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கடி. ஸ்டிக்கர் இருக்கிற கார் வந்தா கதவு திறக்கும். அவ்வளவுதான்."

மகராசன், தன் வாயாலேயே வழி சொல்லிவிட்டார். அவளுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை என் காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவளை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். கோட்டைக் கதவு ஆவென்று திறந்தது. செக்யூரிட்டி சல்யூட் வைத்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இதைப் பார்த்துவிட்டு இன்னும் சில வீட்டுப் பெண்களும் தங்கள் வேலைக்காரர்களைக் காரில் ஏற்றிவர ஆரம்பித்தார்கள். கமிட்டிக்குப் பொறுக்குமா? சமோசா வரவழைத்து அவசரக் கூட்டம் போட்டார்கள். காரில் வந்தாலும் வேலையாட்கள் வாசலில் இறங்கிக் குட்டிக் கதவு வழியாகத்தான் வர வேண்டும் என்று தீர்மானம்.

மறுநாள் காலை செக்யூரிட்டி சங்கடத்தோடு என் ஜன்னலருகே வந்தார். "மேடம், இவங்க இங்கேயே இறங்கணுமாம். ஆர்டர்."

அவள் இறங்கினாள். நான் காரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, திறந்திருந்த பெரிய கதவுக்கு நட்டநடுவில் நிறுத்தினேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

"கதவு திறந்துதானே இருக்கு, நீ போ" என்றேன் அவளிடம்.

உள்ளேயிருந்து ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்குக்குக் கிளம்பிய கார்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் காரில் செயலாளர். போன் அடித்தது.

"வண்டியை எடுடி. எனக்கு மீட்டிங் இருக்கு. எல்லாரும் பார்க்கிறாங்க."

"அவ லிஃப்டுக்குப் போய்ச் சேரட்டும், எடுக்கிறேன்."

ஹாரன் காதைப் பிளந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அத்தனை கார்களுக்கும் முன்னால் அவள் தன் பாட்டுக்கு நடந்து போனாள். ஒருமுறைகூட ஓரமாக ஒதுங்கவில்லை.