மணிலாக்காரரின் முழங்கால்

பந்து அவருடைய காலடிக்கு உருண்டு வந்தபோது தேநீர் வேளை. தொழிற்சாலையின் மேற்குக் கொட்டகையை ஒட்டிய வெளியில் இளைஞர்கள் சிலர், இரும்புக் கம்பத்தில் பொருத்திய வளையத்தில் பந்தெறிந்துகொண்டிருந்தார்கள். கொட்டகை வாசலில் எண்ணெய்த் துணியும் கையுமாக நின்றிருந்த அயல்நாட்டு இயந்திர வல்லுநர், வலக்காலை விறைப்பாகப் பின்னே நீட்டி, இடக்காலில் மட்டும் தாழ்ந்து, ஒரு கையால் அதை வாரி எடுத்தார். வளையம் அங்கிருந்து ஒரு பேருந்தின் நீளத்துக்கு அப்பால் இருந்தது. அவர் குறி பார்த்தார் என்று சொல்ல முடியாது. ஒருமுறை கண்ணை உயர்த்தினார், அவ்வளவே. பந்து இரும்பில் படாமல், பாதி அறுந்து தொங்கிய வலையை மட்டும் அசைத்துவிட்டுக் கீழே விழுந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விழுந்த பந்தை எடுக்க வெகுநேரம் ஒருவரும் நகரவில்லை.

அது 1991ஆம் ஆண்டின் பிற்பகுதி. அவ்வாண்டு மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, திருப்பெரும்புதூர் என்று சொன்னாலே வெளியூரார் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்கள். அதை அடுத்த ஒரகடம் அன்று ஏரியும் வயலும் பனைவரிசையுமாக இருந்தது. இடையிடையே எழும்பியிருந்த ஒன்றிரண்டு தொழிற்சாலைகளுள் எங்களுடையது குளிர்பானப் புட்டிகளுக்குத் தகர மூடி செய்வது. தமிழில் முதுகலை முடித்து, ஆசிரியப் பணி கிட்டாமல், பணியாளர் பிரிவில் உதவியாளனாக நான் சேர்ந்திருந்தேன். கடிதங்களைப் பிழையின்றி எழுதுவதும், அயல்நாட்டார் வந்தால் அவர்களுக்கும் தொழிலாளர்க்கும் இடையே மொழிபெயர்ப்பதும் என் வேலை. ‘சன்னல்’ என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு காவலாளியை நான் ‘சாளரம்’ என்று திருத்தியதிலிருந்து எல்லாருக்கும் நான் புலவர்.

மணிலா நகரத்து நிறுவனம் ஒன்று பயன்படுத்தித் தீர்த்த பழைய அழுத்து இயந்திரத்தை எங்கள் நிறுவனம் வாங்கியிருந்தது. அதை நிறுவி ஓட்டிக்காட்ட உடன் அனுப்பப்பட்டவர் அவர். ஆறரை அடி உயரம், நாற்பதைத் தாண்டிய வயது, அதிராத குரல். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பேர். ஆகவே வந்திறங்கிய அன்றே அவர் ‘மல்லாக்கொட்ட தொர’ ஆகிவிட்டார். “கொட்ட இத்தினிகூண்டு, தொர மட்டும் பனமரம் கணக்கா கீறாரு” என்று ஒருவன் சொல்ல, கொட்டகையே சிரித்தது. காரணத்தை நான் விளக்கியபோது அவரும் சிரித்தார். மறுநாள் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கிவந்து, கடலையைக் காட்டி இவர்களெல்லாம் என் ஊர்க்காரர்கள் என்று சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார்.

அந்த எறிதலுக்குப் பிறகு எங்கள் மேலாளர் மணிலாவுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். வந்த பதிலை அலுவலகத்தில் படித்துக்காட்டினார். எங்கள் கொட்டகையில் எண்ணெய்ப் பிசுக்கோடு மரையாணி முடுக்கிக்கொண்டிருந்தவர், தம் நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்தில் பல்லாண்டுக் காலம் முதல்நிலை ஆட்டக்காரராக விளங்கியவர். அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை; பெருமையும் கொள்ளவில்லை. இயந்திரத்தை இயக்கி நிறுத்தி அளவு பார்க்கும் இடைவெளிகளில், வேறு யாரோ ஒருவரின் வரலாறுபோல, துண்டு துண்டாகச் சொன்னார்.

அவர் நாட்டில் வளையம் இல்லாத தெரு கிடையாதாம். தென்னை மரத்தில் பீப்பாய் வளையத்தை ஆணியடித்து, ரப்பர்ச் செருப்போடு ஆடிக் கற்றவர் அவர். அங்கே அணிகள் ஊர்களுக்கு உரியவை அல்ல, நிறுவனங்களுக்கு உரியவை. சோப்பின் பேரும் குளிர்பானத்தின் பேரும் மார்பில் பொறித்துக்கொண்டு ஆடுவார்கள். ஒரு குளிர்பான நிறுவனம் அவரைப் பத்தொன்பது வயதில் எடுத்துக்கொண்டது. பேருந்தில் நடத்துநர் அவரிடம் சீட்டுக்குக் கைநீட்டமாட்டார். பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்ட வருவார்களாம். பின்பு ஒரு நாள் கால் வளையவில்லை. அவர் அணிந்திருந்த எண்ணைப் பொறித்த சட்டையை அடுத்த பருவத்திலேயே வேறொருவன் அணிந்தான். அவருக்கு அதே நிறுவனத்தின் மூடி செய்யும் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். இயந்திரம் பழையதானபோது அதையும் அவரையும் ஒரே கப்பல் சரக்குப் பட்டியலில் எழுதி அனுப்பினார்கள் என்று சொல்லி நிறுத்தியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாம் மட்டும் விமானத்தில் வந்ததாகச் சேர்த்துக்கொண்டார். நான் சிரித்தேனா என்பது இன்று நினைவில்லை.

எங்கள் தொழிற்சாலைக்கும் ஓர் அணி இருந்தது. அதன் உயிர் பிள்ளைப்பாக்கத்து இளைஞன் ஒருவன். தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த வீடு அவனுடையது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று வாய்ச்சொல்லாக உறுதி தந்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக அவன் தற்காலிகத் தொழிலாளியாகவே இருந்தான். நிரந்தர ஆணை வழங்க எங்கள் மேலாளர் வகுத்திருந்த வழக்கம் விந்தையானது: தொழிற்சாலைகளுக்கிடையிலான கோப்பையின் இறுதி ஆட்டம் முடிந்ததும், திடலிலேயே, நன்றாக ஆடிய இருவருக்கு எல்லார் முன்னிலையிலும் ஆணையைக் கொடுப்பார். அவ்வாண்டு அது பிள்ளைப்பாக்கத்தானுக்கு என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அவன் தாய் அதை நம்பியே தெருவில் நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் அவனுடைய வலமுழங்கால் வீங்கிப் பனங்காய்போல் ஆயிற்று. வாரம் இருமுறை வரும் மருத்துவர், வலி தெரியாதிருக்க ஊசி ஒன்று போட்டால் ஆடிவிடலாம் என்றார். அவன் ஒப்பாமலும் மறுக்காமலும் நின்றான். உடனே மேலாளருக்கு மணிலாக்காரரின் நினைவு வந்தது. அனுபவமுள்ள ஆட்டக்காரர் இரண்டு வார்த்தை தைரியம் சொன்னால் பையன் தெளிந்துவிடுவான் என்று எண்ணி அவரை அழைத்தார். “பதமா எடுத்துச் சொல்லுங்க, புலவரே” என்று என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பில் பொருளைக் கடத்த வேண்டும், சூட்டைக் கடத்தக் கூடாது என்பது எழுதப்படாத விதி. அயல்நாட்டார் சீறியதை ‘இன்னும் சற்றுக் கவனம் வேண்டும் என்கிறார்’ என்றும், தொழிலாளி வைததை ‘இவருக்குச் சிறு வருத்தம்’ என்றும் ஆற்றிக் கொடுப்பதில் நான் தேர்ந்தவன். அதை நாகரிகம் என்றே நினைத்திருந்தேன்.

மேலாளர் அறையில் மருத்துவர், பிள்ளைப்பாக்கத்தான், மணிலாக்காரர், நான். திறந்த கதவுக்கு அப்பால் அணியினர் நால்வர். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் மணிலாக்காரர் நாற்காலியில் அமர்ந்து காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டார். நான் அதுவரை அப்படி ஒரு காலைக் கண்டதில்லை. தொடை மற்றதில் பாதியளவே இருந்தது. முழங்கால் வெளிப்புறமாகத் திரும்பி, தையல் வடுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தோல் உருகி உறைந்த மெழுகுபோல் கிடந்தது. மருத்துவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். மணிலாக்காரர் பேசினார், குரல் அப்போதும் அதிரவில்லை. ஒவ்வோர் இறுதி ஆட்டத்துக்கு முன்பும் தமக்கு இந்த ஊசியைப் போட்டார்கள் என்றார். வலி இல்லாததால் உள்ளே எது கிழிகிறது என்று தெரியவில்லை. அரங்கம் முழுவதும் தம் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தபோது அது கிழிந்துகொண்டிருந்தது. தாய் பாயில் கிடந்து இறந்தபோது, மண்டியிட்டு அருகில் அமர இந்தக் கால் இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன் என்றார். கடைசியாக என் பக்கம் திரும்பி, இவன் ஆடக் கூடாது, நான் சொன்னதாக அப்படியே சொல் என்றார்.

மேலாளருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைப்பாக்கத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன்: “இவரும் பலமுறை இந்த ஊசி போட்டுக்கொண்டு ஆடியவராம். ஆட்டத்தில் அடிபட்ட கால் இது. நீயும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார்.”

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இத்தனை சுருக்கமாகவா என்று மணிலாக்காரர் வியந்து கேட்டார். சுருங்கச் சொல்வது எங்கள் மொழியின் அழகு என்றேன். பிள்ளைப்பாக்கத்தான் என் வாயிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, “செரி சார், போட்டுக்கறேன்” என்றான்.

ஆட்டம் எங்கள் திடலிலேயே நடந்தது. முற்பாதி முழுவதும் அவன் ஆடிய ஆட்டத்தை அவ்வட்டாரம் அதற்கு முன் கண்டிராது. பிற்பாதியில் வளையத்தை நோக்கி எழும்பித் தரையில் இறங்கியபோது, ஈரக் கயிறு அறுந்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன், எனக்கே கேட்டது. அவன் கத்தவில்லை. விழுந்த இடத்தில் தன் காலை, அது தவறான பக்கம் திரும்பிக் கிடப்பதை, வேறொருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசியின் பயன் அப்போதும் தீரவில்லை. விறைத்த காலை வீசி வீசி ஓடி அவனை முதலில் அடைந்தவர் மணிலாக்காரர். அவன் முழங்காலை இரு கைகளாலும் பிடித்தபடி தலையை உயர்த்தி என்னைத் தேடினார். நான் அருகே போனதும் ஒன்றே கேட்டார்: நான் சொன்னது இவனுக்குத் தெரியுமா? நான் மேலாளர் இருந்த பக்கம் திரும்பினேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும்வரை எஞ்சிய வாரங்களில் தொழிலாளரோடு அவர் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தே பேசினார். மொழிபெயர்க்க என்னை அழைக்கவே இல்லை.

கோப்பையை நாங்கள் வென்றோம். நிரந்தர ஆணைக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும் என்ற விதி அதுவரை எவருக்கும் நினைவில் இருந்ததில்லை. அவனுக்காக அது நினைவுக்கு வந்தது. ‘உடல்தகுதியின்மை காரணமாகத் தங்கள் பணியைத் தொடர இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்ற கடிதத்தை எழுதியவன் நான். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாத கடிதம்.

அண்மையில் ஒரு திருமணத்துக்காக ஒரகடம் செல்லச் சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கினேன். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. எந்த வண்டி அடுத்துப் புறப்படும் என்று முறை சொல்பவர், நெகிழி நாற்காலியில் ஒரு காலை நீட்டி அமர்ந்திருந்தார். முகத்தை அல்ல, நீட்டிய காலைத்தான் முதலில் அறிந்தேன். பிள்ளைப்பாக்கத்து இளைஞனாக இருந்த அவரோ என்னை உடனே கண்டுகொண்டார். “புலவர் சாரா. இன்னா சார், தல ஃபுல்லா வெள்ள அடிச்சிக்கினீங்க” என்று சிரித்து, தமக்கிருந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நலம் விசாரித்தோம். கடைசியில் சொல்லிவிட்டேன். அன்று மேலாளர் அறையில் மணிலாக்காரர் சொன்னவை அனைத்தையும், தாயின் சாவு உட்பட, விட்ட சொற்களையெல்லாம் கூட்டி, இத்தனை ஆண்டு கழித்து முழுதாக மொழிபெயர்த்தேன். மறைத்தவன் நான் என்றேன். வசைக்கு ஆயத்தமாக இருந்தேன்.

“தெரியும் சார்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“தொரயோட அந்தக் கால என் கண்ணால பார்த்தேன். ஊசின்னதும் தொர மொகம் போன போக்கயும் பார்த்தேன். அதுக்கு இங்கிலீஷ் எதுக்கு சார், கொயந்தைக்குக்கூட புரியும்.”

பிறகு ஏன் ஆடினீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தெரியாத ஊருக்கு வழி சொல்பவரைப்போலப் பொறுமையாகச் சொன்னார்.

“நானா மாட்டேன்னா, பயந்துகினான்னு சொல்லி அப்பவே அனுப்பிச்சிருப்பாங்க. நெலம் குட்த்த வூட்டுக்கு அது ஒண்ணுதான் வேல. தொர ஆட வாணாங்கறாருன்னு நீங்க தமிழ்ல சொல்லியிருந்தா, மானேஜரு எதிர்ல, டாக்டரு எதிர்ல, வாசல்ல நம்ம பசங்க கேக்க சொல்லியிருந்தா, தொர பேச்சக் கேட்டுக்கினேன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். யாரு இன்னா பண்ண முடியும். அந்த ஒரு பேச்சுக்குத்தான் சார் உங்க வாயப் பார்த்துகினு நின்னேன்.”

அறியாமையால் அவர் விழுந்தார், அறிவிக்காமல் விட்டது என் பிழை என்றே இத்தனை ஆண்டும் நம்பி வந்திருந்தேன். அந்தப் பிழையையாவது எனக்கு உரியதாக வைத்திருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது செய்தி அன்று; அதை நாலு பேர் கேட்கச் சொல்ல ஒரு வாய். அந்த அறையில் அது என் ஒருவனுடையது. 

அவர் விசிலடித்து ஒரு வண்டியை முன்னே வரச் செய்தார். ஏறுவதற்கு நான் எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இன்னொரு தபா சொல்லுங்க சார். தொர கடசியா சொன்னது. எல்லாத்தயும் வாணாம், அது மட்டும்.”

“இவன் ஆடக் கூடாது” என்றேன்.

“சத்தமா.”

ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொழிற்சாலைச் சீருடையில் வண்டிக்குக் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் உரக்கச் சொன்னேன்.