வெள்ளிக்கிழமைக் குழம்பு

ஆர்டிஸ் லுண்டே எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகச் சமைக்கிறாள். ஆள் குட்டை, குரல் பெரிது. வெள்ளிக்கிழமை என்றால் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, கூடவே பட்டைப்பொடி தூவிய இனிப்புச் சுருள் ரொட்டி. இந்தப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் தின்போம். முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் ஆட்களைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, இப்போது அவள் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவள் நான். வேலை தெரிந்தவளைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

பள்ளி வாரத்தை நான்கு நாளாகச் சுருக்கிக்கொள்வதை அந்தந்த வட்டாரமே முடிவு செய்யலாம் என்று எங்கள் மொன்டானா மாநிலத்தில் சட்டம் வந்தது. எங்கள் ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை பள்ளி இல்லையென்றால் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். நூறு மைல் தள்ளியிருக்கும் பல் வைத்தியரிடம் வகுப்பை விடாமல் போகலாம். ஆர்டிஸுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பள்ளியில் படிக்கும் ஜோலின் என்ற பெண்ணும் அவள் தங்கையும் வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போவதை அவள் பார்த்தும் பாராமல் இருந்தாள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம்; சனி, ஞாயிறு என்றிருந்த இரண்டு நாள் பசி இனி மூன்று நாளாகும்.

"ஊர்க் கூட்டத்துல சொல்லிடேன்" என்றேன்.

"சொன்னா அந்தப் பொண்ணுங்க மூஞ்சிய எங்க வெச்சுக்கும்? அவங்கம்மா மறுநாளே ஊர விட்டு மூட்டை கட்டிடுவா. நீ பாத்திரத்தத் தேய்."

கூட்டத்தில் எல்லாக் கையும் நான்கு நாளுக்கே உயர்ந்தது. ஆர்டிஸும் கை தூக்கினாள். பிறகு வெளியூரிலிருந்து வந்த புதுத் தலைமையாசிரியர் மாற்றிய உணவுப் பட்டியலை வாசித்தார். திங்கள் முதல் வியாழன் வரை பழையபடியே. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை அடியோடு எடுத்துவிட்டிருந்தார்.

"யோவ், குழம்பு எங்கய்யா?" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மண்டபமே கத்தியது. சட்டத்துக்கு ஒரு நிமிடம் கூடச் சண்டை போடாதவர்கள் குழம்புக்கு அரைமணி நேரம் போட்டார்கள்.

ஆர்டிஸ் எழுந்தாள். "கத்தாதீங்க. வெள்ளிக்கிழமைக் குழம்பு வெள்ளிக்கிழமைதான். சர்ச்சுக்குக் கீழ இருக்கற ரூம்ல அடுப்பு சும்மா கெடக்கு. பதினொரு மணிக்கு வாங்க, சின்னது பெரிசு எல்லாரும். மைலோ, கறி நீ குடு."

மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் பள்ளி வாரியத் தலைவன் மைலோ ஸ்ட்ரோ திடுக்கிட்டான். "நானா?"

"ரெண்டாங்கிளாசுல மூணு சுருள் திருடித் தின்னது யாரு, நானா?"

சிரிப்பு அடங்குமுன் அவன் ஒத்துக்கொண்டுவிட்டான்.

முதல் வெள்ளிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். ஜோலினும் தங்கையும் இரண்டு பண்ணைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் ஆர்டிஸ் குழம்பும் ரொட்டியும் போட்ட டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தாள். ஆளுக்கு ஒன்று எடுக்காமல் வெளியே போகக்கூடாது.

"எனக்கு எதுக்கு? வீட்ல நெறைய இருக்கு" என்றான் மைலோ.

"எடுடா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்ற ஜோலினையும் பார்த்தான். ஒன்றை எடுத்துக்கொண்டான். அடுத்து ஜோலின் எடுத்தாள். அவள் தங்கையும் எடுத்தாள்.