எதிர்க்க நடந்த பௌர்ணமிகள்

என் மகளுக்குப் பள்ளியில் ‘எதிர்’ என்ற சொல்லைக் கொடுத்து, பொருளும் வேரும் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அகராதியைப் புரட்டினோம். முன்புறம், நேர்ப்பக்கம், ஒப்பு, பகை, வருங்காலம் என்று வரிசையாக இருந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் எதுரு, மலையாளத்தில் எதிர், எல்லாம் ஒரே வேராம். அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டாள். எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே கிரிவலப் பாதை நினைவுக்கு வந்துவிடும். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. எனக்கு மூன்று வயதானபோது அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பௌர்ணமியன்று ஊரிலுள்ள அத்தனை ஆட்டோவும் ஓடும், எங்களுடையது மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். எங்கே இருந்தாலும் ஒரு பௌர்ணமிக்காவது அவள் மலை சுற்ற வராமலா போய்விடுவாள் என்று அப்பா நம்பினார்.

எல்லோரும் மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவார்கள். ஆறு வயதிலிருந்து நான் அப்பாவோடு அவர்களுக்கு எதிராக நடந்தேன்.

“கூடவே போனா முதுகுதான் தெரியும் பாப்பா. எதிர்க்க போனாதான் மூஞ்சி தெரியும்” என்பார்.

மலைப்பக்கம் அவருக்கு, கடைப்பக்கம் எனக்கு என்று பாதையைப் பிரித்துக்கொண்டோம். “மலைய இப்படியா சுத்துவாங்க?” என்று திட்டுகிறவர்களை அப்பா கும்பிட்டுவிட்டு நடப்பார். எனக்கு அதெல்லாம் குஷியாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கிளம்புமுன் கல்யாணப் போட்டோவைக் காட்டி, “நல்லா பாத்துக்க” என்பார். நன்றாகத்தான் பார்த்துக்கொள்வேன்.

நான்காவது படிக்கும்போது ஒரு பௌர்ணமி மாலை, கரும்பு ஜூஸ் கடையருகே ஒரு பெண் என் முன்னால் நின்றுவிட்டாள். வெளிர்நீலப் புடவை, தோளில் துணிப்பை.

“எத்தனாவது படிக்கிறம்மா?”

“நாலாவது.”

“யார் கூட வந்த?”

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்த அப்பாவைக் காட்டினேன். அவள் பார்த்தாள். பையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து என் கையில் திணித்தாள். என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு வேகமாகப் போய்விட்டாள்.

யாரிடமும் எதுவும் வாங்கித் தின்னக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அவர் என்னிடம் வருவதற்குள் உருண்டையை மென்று விழுங்கிவிட்டேன்.

“பாத்தியாம்மா?”

“இல்லப்பா.”

நான் பொய் சொல்லவில்லை. கல்யாணப் போட்டோவில் அம்மா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். அத்தனை பௌர்ணமிகளிலும் கடைப்பக்கத்தில் நான் தேடியது அந்தப் பச்சைப் புடவையைத்தான். அம்மா வேறு புடவையும் கட்டுவாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நீலப் புடவைக்காரி அம்மாதானா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்தப் புடவையின் நிறம் வருகிறது, முகம் வரவில்லை. நான் பெரியவளான பிறகும் அப்பா முட்டிவலியோடு தனியாக நடந்தார், சாகிற வருடம் வரை. மலைப்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பாராம். கடைப்பக்கத்தைப் பாப்பா அந்த வயசிலேயே நல்லா பாத்துட்டா என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.