பால் ஊறத் திருக்கை

மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆகியும் பால் ஊறவில்லை. புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை கக்கியது. எடை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இறங்கினால் வார்டில் சேர்க்க வேண்டும் என்று கிளினிக் தாதி சொல்லிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறத் திருக்கை மீன் கொடுப்பது எங்கள் வழக்கம். பூண்டும் மிளகும் நிறையப் போட்டுக் குழம்பு வைக்கலாம் என்று ஸ்கூடாய் மார்க்கெட்டுக்குப் போனேன். வெட்டித் தரச் சொல்லக் கூச்சம். பின்னால் ஆட்கள் நின்றார்கள். முழு மீனாகவே வாங்கி வந்தேன்.

வயிற்றைக் கீறியபோது உள்ளே இரண்டு குட்டிகள், மடித்த வெற்றிலை போல. வால்கூட முளைத்திருந்தது. பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையை நெடுநேரம் கழுவினேன்.

தட்டை மகள் முன்னால் வைத்தபோது, வாசல் கூண்டில் மருமகனின் பாராவ்-பாராவ் குருவி பாடத் தொடங்கியது. அது கொண்டைக்குருவி இனம். லைசென்ஸ் எடுத்து, திருட்டுக்குப் பயந்து கூண்டைப் பூட்டி வளர்க்கிறார்.

“காட்டுல அழிஞ்சு போச்சு லா. என்கிட்டயாவது இருக்கட்டும்,” என்றார்.

மகள் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. “ஆளாளுக்குப் புடிச்சுக் கூண்டுல வச்சதாலதான் அழிஞ்சுது,” என்றாள்.

“நீ திங்கிற மீனும் அழியுதுன்னு நீதானே சொன்ன?”

“அழியுதுதான். உங்க குருவியைவிட ஒரு படி கம்மி. அதுக்குப் பூட்டு, இதுக்கு மிளகு.”

பேச்சை மாற்ற, “ரெண்டும் ஒரே வகையா?” என்று கேட்டேன்.

“ரெண்டுக்கும் முதுகெலும்பு இருக்கு, அதோட சரிமா. அது பறவை. இது சுறாவுக்குச் சொந்தம், எலும்பெல்லாம் குருத்தெலும்புதான். குருவி முட்டை போடும், இது குட்டி போடும். வயித்துக்குள்ளயே பால் மாதிரி ஒண்ணு சுரந்து குட்டிக்குக் குடுக்கும்.”

சொல்லிக்கொண்டே வந்தவளின் கை தட்டில் நின்றது.

“இதுல குட்டி இருந்துச்சாமா?”

“இல்ல. ஆறிடும், சாப்பிடு.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள்.

மாலையில் குழந்தையை மாரில் போட்டாள். அது சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. மறுநாள் எடை பார்த்த தாதி எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குழந்தையின் மூக்கில் மெல்லிய குழாய் போட்டுப் பால் இறக்கினார்கள். அது அழக்கூட இல்லை.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே, “நாளைக்கும் அந்த மீனு வாங்கிட்டு வாங்கமா,” என்றாள்.