பெயர் வெட்டிய டப்பா

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ ஒரு பாத்திரத்தில் வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. பதிலுக்குப் போட எதுவும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத் தரவேண்டும். இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. கல்யாணமாகிப் பீர்க்கன்கரணைக்கு வாடகைக்கு வந்தபோதே எனக்கு இது தெரிந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த டீச்சருக்கும் தெரிந்திருந்தது.

டீச்சர் ரிட்டயர் ஆனவர். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகன் வெளிநாட்டில். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், நான் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். கிறிஸ்துமஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்கல்லும் அச்சு முறுக்கும் வரும். பொங்கலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். படைத்ததை அவர் சாப்பிடமாட்டார். "படைக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிடும்மா" என்று முதல் வருஷமே கூச்சப்படாமல் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் முதல் கரண்டி டீச்சருக்கு, அப்புறம்தான் சூரியனுக்கு. "சூரியனே டீச்சர் சாப்ட்டு முடிக்கட்டும்னு வெயிட் பண்ணிகினு கீறாரு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

மதிலைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது பெரும்பாலும் ஒரே டப்பாதான். எவர்சில்வர், இறுக்கமான மூடி, ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். அடியில் டீச்சரின் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் காத்திருந்து பெயர் வெட்டி வாங்குவதே, எந்த வீட்டுக்குப் போனாலும் அது திரும்பி வரவேண்டும் என்பதற்குத்தான். அது என் வீட்டில் பாதி நாள், அவர் வீட்டில் பாதி நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வீட்டு வாசலில் வேறொரு சமையல் நடக்கும். தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து பெரிய குண்டானில் தக்காளி சாதம் கிளறி, மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைப்போம். தாம்பரம் ஸ்டேஷன் ஓரம் படுத்திருப்பவர்களுக்கும், பெருங்களத்தூரில் அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருந்த வடநாட்டுப் பிள்ளைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்போம். வீட்டுக்காரரின் ஷேர் ஆட்டோவில்தான் போவது. வெங்காயம் வெட்டுவது, டப்பா அடைப்பது, கொடுக்கிற இடத்தில் "ஆளுக்கு ஒண்ணுதான், இன்னாத்துக்கு முட்டிகினு வர்றே" என்று அதட்டுவது, மூன்றும் என் வேலை. எனக்கு வாய் நீளம் என்று தெரிந்துதான் மூன்றாவதைக் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம், ஆட்டோவை நிறுத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

காரியம் முடிகிறவரை எங்களுக்கு டீச்சர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு. அந்த நாட்களில் நான் பாத்திரங்களைக் கழுவி, கவிழ்த்து, வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். சாவு வீட்டுப் பாத்திரம் மட்டும் அப்படித்தான் திரும்பவேண்டும். அதில் எதையாவது போட்டுக் கொடுத்தால் துக்கமும் கூடவே போய்விடும் என்பார்கள். டீச்சர் வாங்கிக்கொண்டு, வெறும் டப்பாவை இடுப்பில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார்.

பிறகு கஷ்டம் வந்தது. ஆட்டோ ஃபைனான்ஸ்காரரிடம் போயிற்று. சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த துணிக்கு நூல் பிசிறு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன், அதையும் மூடிவிட்டார்கள். ரேஷன் அரிசி இருந்தது. அதோடு சேர்த்துச் சாப்பிடத்தான் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மகளுக்கு மத்தியானம் சாப்பாடு கிடைத்துவிடும். மற்ற வேளைக்கு நானும் அவளும் உப்புப் போட்ட கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேஸ் தீர்ந்துவிடக்கூடாதே என்று ஒருவேளைதான் அடுப்பு.

டீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்றால், குக்கர் விசில். மதிலுக்கு இந்தப் பக்கம் விசில் சத்தம் நின்றுபோனதை அவர் கவனித்திருக்கிறார். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒருநாள் டப்பாவை நீட்டி, "சாம்பார் அதிகமா வச்சிட்டேன்ம்மா, ஒருத்திக்கு அளவே வர மாட்டேங்குது" என்றார். மறுநாளும் அளவு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அத்தனை வருஷம் வகுப்பெடுத்தவருக்கு அளவு தெரியாமல் போனதை நானும் நம்புவதுபோல் வாங்கிக்கொண்டேன்.

வாங்கினால் போதுமா, திருப்ப வேண்டாமா? மதிலோரம் நின்ற முருங்கையிலிருந்து கீரை ஒடித்து வைப்பேன். கீரை இல்லாத நாளில் ஒரு பிடி துவரம்பருப்பு. அதுவும் தீர்ந்த பிறகு ரேஷன் சர்க்கரை. டீச்சருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை வியாதிக்காரருக்கே சர்க்கரை கொடுத்தனுப்பிய ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவரும் "ஐயோ, சரியான நேரத்துல கொடுத்தே" என்று வாங்கி வைத்துக்கொள்வார். ஒருநாள் மகள் கடுங்காப்பியை வாயில் வைத்துவிட்டு, "யம்மா, டீச்சர் ஆன்ட்டிக்குப் போட்டதுல எனக்கு ஒரு ஸ்பூன் போடக்கூடாதா?" என்று கேட்டாள். சத்தம் போட்டேன். அப்புறம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டது. வீட்டு ஓனர் ஆளை விட்டு மரத்தையே மொட்டையடித்துவிட்டார். அந்த வாரம் சர்க்கரையும் இல்லை, பருப்பும் இல்லை. டீச்சர் கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைத் தேய்த்துத் துடைத்து அலமாரியில் வைத்தேன். உள்ளே போட என்ன இருக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினேன். உப்பு இருந்தது. உப்பை யாராவது கொடுப்பார்களா? நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் டீச்சர் மதிலோரம் வந்தார். கையில் பிளாஸ்டிக் டப்பா.

"எலுமிச்சை சாதம்மா. இதைத் திருப்பித் தர வேண்டாம். யூஸ் அண்ட் த்ரோதான்."

அவர் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. எவர்சில்வர் டப்பா வராததைப் பார்த்து, இவளிடம் போட ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். என் பாரத்தை இறக்கிவிட்டதாக நினைத்திருக்கிறார். ராத்திரி படுத்து யோசித்துத்தான் இந்த வழியைப் பிடித்திருப்பார். இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. புரிந்தும் கை நீளவில்லை. அந்த டப்பாவை எனக்குத் தெரியும். நானே எத்தனை அடைத்திருக்கிறேன், அது யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? ஆளுக்கு ஒன்று என்று நான் அதட்டிய வரிசையில் என்னையும் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் இருந்தது.

"வேணாம் டீச்சர். இன்னிக்கு வூட்லயே செஞ்சிட்டேன்."

"விசில் சத்தம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "சரிம்மா."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெதுவாகத்தான் போனார், முட்டிவலி. எலுமிச்சை சாதத்தின் தாளிப்பு வாசனை மட்டும் எங்கள் பக்கம் தங்கிவிட்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அது போய்விட வேண்டுமே என்று கதவைச் சாத்தினேன்.

அதன்பிறகு நான் மதில் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கும் போகவில்லை. வெங்காயம் வெட்ட ஆளில்லை என்று டீச்சர் என் மகளிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். போனால், எல்லாம் முடிந்து கிளம்பும்போது மீந்ததில் ஒரு டப்பாவை என் கையில் வைத்துவிடுவார்களோ என்று பயம். பசிக்கிறவளுக்கு ரோஷம் எதற்கு என்று யாராவது கேட்கலாம். அப்போது என்னிடம் மீதி இருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொண்டு வாழ்வது?

ஐப்பசி முடிகிற சமயத்தில் பெருங்களத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார்கள், முதல் வாரம் அதைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை. ஆனால் வீட்டில் மறுபடி விசில் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானோ என்னவோ, ஒரு சாயங்காலம் டீச்சர் மதிலோரம் வந்து நின்றார். இளைத்திருந்தார். மூச்சு வாங்கியது. கையில் ஒன்றும் இல்லை.

"என் டப்பா ஒண்ணு உன்கிட்ட இருக்கும்மா."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு டப்பாவுக்காகவா வந்திருக்கிறார் என்று நிமிர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவசரம் இல்ல. மெதுவா கொடு" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. டப்பாவை அவர் கேட்கவில்லை. வெறுமையாகக் கொடுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நான் எதையாவது போட்டுக் கொடுத்தால், அவரும் எதையாவது போட்டுத் திருப்பலாம். பழையபடி டப்பா போகும், வரும்.

"தரேன் டீச்சர். பொங்கலுக்குத் தரேன்."

"பொங்கலுக்கா? சரி, சரி. படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிடு."

"இன்னா டீச்சர், அதை எனக்குச் சொல்லணுமா?"

அந்த மாசச் சம்பளத்தில் பாகு வெல்லம் வாங்கினேன். முந்திரி, ஏலக்காய், ஒரு சின்ன பாட்டில் நெய் வாங்கி எல்லாவற்றையும் அந்த எவர்சில்வர் டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடி வைத்தேன். மகள் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். "கை வச்சே, பாத்துக்கோ" என்று விரட்டுவேன். பொங்கலுக்கு முதல் கரண்டியை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய் நிற்கப்போவதை நினைத்துக்கொண்டேதான் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்த்தேன்.

மார்கழி பிறந்ததும், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே, டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மூச்சுத்திணறல் என்றார்கள். வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, தெருமுனையில் குப்பை வண்டி தள்ளும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டீச்சரிடம் டப்பா வாங்குகிற அக்கா.

"உனுக்குத் தெரியாதா? டீச்சர் பூட்டாங்கம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி வந்துகினு கீது."

மகன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது அல்லவா, போனில் சொல்லி ஹோட்டலிலிருந்து சாப்பாடு வந்தபடி இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் டப்பாக்கள் குவிந்து கிடந்தன. ஊருக்கெல்லாம் கையால் கிளறிப் போட்டவரின் வீட்டுச் சாப்பாடு, பில் ஒட்டிய பையில் வந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து அலமாரியைத் திறந்தேன். வெல்லத்தையும் முந்திரியையும் எடுத்து ஒரு தாளில் கொட்டினேன். சாவு வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகக் கூடாது. அந்த நெய்யில் மிளகும் சீரகமும் தாளித்து வெண்பொங்கல் செய்தேன். நாங்கள் வாய் வைப்பதற்கு முன்னால் முதல் கரண்டியை எடுத்து டப்பாவில் வைத்து, அது நிறையும்வரை நிரப்பினேன். மதிலோரம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போய், டீச்சர் மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவரே டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் அக்கா. அம்மா கைல சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. உங்க டப்பா."

"என்னோடது இல்ல தம்பி. உங்க அம்மாவோடது. அடில பேரு வெட்டிகீது பாருங்க."

திருப்பிப் பார்த்தார். தாயின் பெயரை விரலால் தடவினார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கோங்க அக்கா. வீட்டை காலி பண்ணப் போறோம். எல்லாத்தையும் நான் எங்க எடுத்துட்டுப் போறது?"

வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். டப்பாவை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடியை அழுத்தி மூடிக் கொடுத்திருந்தார். சாவு வீட்டிலிருந்து வருகிற பாத்திரத்தில் ஒன்றும் இருக்காது, இருக்கவும் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடியைத் திறந்து பார்த்தேன்.