அம்மா சீசனுக்குப் போன வருஷம்

தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு ஆனி பிறந்ததும் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் நடத்தியபோது எங்களுக்குப் பத்திரிகை அனுப்ப மறந்தவர்கள்கூட, குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் எங்கள் தெருவையும் வீட்டையும் மறக்காமல் வந்து இறங்குவார்கள். அப்பாவுக்கு ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் வேலை. ஆகவே தப்பிக்க வழியே கிடையாது. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அப்பாதான். அவரும் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு குதிரை வண்டியைப் பிடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைப்பார். வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து உலையில் இன்னும் இரண்டு படி அரிசி போடுவாள்.

அம்மா பிறந்தது திருவேங்கடம் பக்கம், கரிசல் காடு. அங்கே குடிக்கிற தண்ணீரை ஆழக் கிணற்றிலிருந்து கை கடுக்க இறைக்க வேண்டும். அவளுக்குத் தென்காசியில் மாப்பிள்ளை அமைந்தபோது, அருவிக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டுப் போகிறாள் என்று அவளுடைய தோழிகள் பொறாமைப்பட்டார்களாம். அருவி என்னவோ மூன்று மைல்தான். ஆனால் சீசனில் அவளுக்கு அடுப்பை விட்டு நகர முடிந்ததில்லை. விருந்தாளிகளோடு இரண்டொரு தடவை போனபோதும் சாப்பாட்டுத் தூக்கோடு கரையில் உட்கார்ந்து அவர்களுடைய துணிகளையும் நகைகளையும் பார்த்துக்கொண்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

இதையெல்லாம் நான் அப்போது யோசித்ததில்லை. யோசித்தவள் அக்கா. அதற்குக் காரணம் ஒரு குடும்பம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த சீசனில், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் இறங்கியது. அவர்களை அம்மாவழிச் சொந்தம் என்று அப்பா நினைத்தார். அப்பாவழி என்று அம்மா நினைத்தாள். வந்தவர்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பதைவிட பெரிய அவமரியாதை எங்கள் ஊரில் கிடையாது. அதனால் இருவருமே கேட்கவில்லை. நான்கு நாள் ஐந்தருவி, பழைய குற்றாலம், பெரிய அருவி என்று அவர்கள் ஆசை தீரக் குளித்தார்கள். வந்து வந்து சாப்பிட்டார்கள். புறப்படும்போது அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மூத்தவன் பட்டாளத்துலேருந்து எப்பம் வாரான்?" என்று கேட்டார். எங்கள் வீட்டு மூத்தவனான அண்ணன், அவருடைய டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவர்கள் தேடி வந்தது அடுத்த தெருவில் இருந்த இன்னொரு ரயில்வேக்காரர் வீட்டை.

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அப்பாவும் சிரித்துவிட்டார். "அதனால என்ன, புள்ளைய ரெண்டும் நல்லாச் சாப்புட்டுதுல்லா" என்றாள் அம்மா. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "யாருன்னே தெரியாதவங்க வந்து நாலு நாள் குளிச்சிட்டுப் போயிட்டாவ. நம்ம அம்மா ஒரு நாள் குளிச்சிருக்காளா?" என்று கேட்டாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வைகாசியில் அக்காவும் அண்ணனும் திட்டம் போட ஆரம்பித்தார்கள். அண்ணன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தான். அக்கா பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த சீசனுக்கு நான் எந்த ஊர்ல இருப்பேனோ. இந்த வருசம் அம்மாவ அருவியில நிறுத்தாம விடப்போறதில்ல" என்று அண்ணனிடம் சொன்னாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. குற்றாலத்தில் வீடுகளைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற ஒருவரின் மகன் கணக்கில் தோற்றுப்போயிருந்தான். அண்ணன் விடுமுறை முழுக்க தினமும் சைக்கிளில் போய் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். சம்பளம் வேண்டாம், சீசனில் மூன்று நாள் பின்கட்டை எங்களுக்கு விடுங்கள் என்று முதலிலேயே பேசிவைத்துவிட்டான். அந்தப் பையன் தேறியபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அவர்கள் வீட்டில் வைத்தார்களா என்று தெரியாது.

இடம் கிடைத்ததும் இருவருக்கும் சண்டை ஆரம்பித்தது. முதல் நாள் பெரிய அருவி, இரண்டாம் நாள் ஐந்தருவி, மூன்றாம் நாள் செண்பகாதேவி அருவிக்கு மலையேறுவது என்று அண்ணன் திட்டம் வைத்திருந்தான். அவனுடைய கல்லூரிக் கூட்டாளிகள் அதே நாட்களில் தேனருவிக்குப் போவதாக இருந்தார்கள். அதை விட்டுவிட்டு எங்களோடு வருகிறவன் என்பதால் செண்பகாதேவியையாவது விடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மாவுக்கு எங்கன நிக்கணும்னு தோணுதோ அங்கன நிக்கட்டும். மூணு நாளும் ஒரே அருவிதான்னாலும் சரி."

"அதுக்குப் பேரு பிளானாட்டி?"

"ஆமா. அதான் என் பிளான்."

எனக்கு மங்குஸ்தான் பழம் வேண்டும் என்று இடையில் புகுந்து சொன்னேன். அது மட்டும் சண்டை இல்லாமல் நிறைவேறியது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, அங்கே அடுப்புப் பற்றவைக்கவே கூடாது என்றாள் அக்கா. முதல் நாளைக்குப் புளியோதரை அவள் கட்டிக்கொண்டு வருவாள். மற்ற நாள் ஓட்டல். பாத்திரம் கழுவுவது அண்ணன். கல்லூரியில் படிக்கிற ஆண்பிள்ளை பாத்திரம் கழுவுவதை எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை. அவன் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "சரிட்டி, ஆனா வெளிய சொல்லப்பிடாது" என்றான். எனக்குக் கொடுத்த வேலை, எல்லாரும் குளிக்கும்போது துணி மூட்டையைப் பார்த்துக்கொள்வது. பெரியவர்கள் திட்டத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு வந்ததில் நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

அப்பாதான் தயங்கினார். "தென்காசிக்காரன் குத்தாலத்துல போயி ரூம் எடுத்துத் தங்குனான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். காலையில போயிக் குளிச்சிட்டு மத்தியானம் வந்துரலாம்லா?"

"வந்தா அடுப்பு காத்துக்கிட்டு இருக்கும்ப்பா" என்றாள் அக்கா.

அப்பா பகலில் அங்கிருந்தே சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வந்து போவதாக ஒத்துக்கொண்டார். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. "சீசன்ல வீட்டப் பூட்டுததா? வாரவங்க பூட்டப் பாத்துட்டுத் திரும்புனா நம்மள என்ன நெனப்பாவ?" என்று நாலைந்து நாள் புலம்பினாள். பிறகுதான் எங்கள் வீட்டில் பூட்டே இல்லை என்பது தெரியவந்தது. எப்போதும் அம்மா உள்ளே இருந்ததால் பூட்டுக்கு வேலை வந்ததில்லை. பரணில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றை அண்ணன் கண்டெடுத்து, எண்ணெய் விட்டு, சாவியைத் திருகித் திருகி உயிர்கொடுத்தான்.

புறப்படுகிற அன்று காலையில் வானம் மூடியிருந்தது. மேற்கே மலை தெரியவில்லை. குளிர்ந்த காற்றும் தூறலுமாக, சொல்லிவைத்தாற்போல் சீசன். குதிரை வண்டி வாசலில் நின்றது. அம்மா வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அக்கா கதவைப் பூட்டினாள். ஸ்டேஷனில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போன அப்பாவுக்காகத்தான் காத்திருந்தோம். தெருமுனையில் இன்னொரு குதிரை வண்டி திரும்பியது. பின்னால் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி நடந்து வந்தார். வண்டிக்குள் விருதுநகர்ப் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகன்கள், பெட்டி, படுக்கை.

எங்கள் பெரியப்பா சொல்லுக்கு அப்பா மறுசொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவரைப் படிக்கவைத்து வேலை வாங்கிக் கொடுத்தவரே பெரியப்பாதான். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கினாள். "வாங்கத்தான், வாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இடுப்பில் செருகினாள். சாவிக்காக அக்காவிடம் கையை நீட்டினாள்.

அக்கா கொடுக்கவில்லை. சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அண்ணனும் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"என்னடே, எங்கயோ கெளம்புதாப்புல இருக்கு?" என்றார் பெரியப்பா.

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். தொண்டையைச் செருமினார். அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "ஆமா அண்ணாச்சி. நாங்க சீசனுக்குப் போறோம்" என்றார்.

வெளியூர்க்காரர்கள் மட்டுமே சொல்லி நான் கேட்டிருந்த அந்த வார்த்தையை அப்பா சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்களும் மதுரைக்காரர்கள், மெட்ராஸ்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

"தென்காசியிலேருந்து குத்தாலத்துக்குச் சீசனுக்கா?" என்று பெரியப்பா கேட்டதில் சிரிப்பு பாதியும் கோபம் பாதியும் இருந்தன. அக்கா முன்னால் வந்து பெரியம்மாவின் கையில் சாவியை வைத்தாள். "பெரியம்மா, இது உங்க வீடு. அரிசி, பருப்பு எல்லாம் இருக்கு. இருந்து குளிச்சிட்டுப் போங்க. நாங்க மூணு நாள்ல வந்துருதோம்" என்றாள்.

பெரியம்மா சாவியைப் பார்த்தாள். பிறகு அம்மா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவளே இழுத்துவிட்டாள். "ஏறு தாயி வண்டியில. குதிர எம்புட்டு நேரம் நிக்கும்" என்றாள். அம்மாவின் கையைப் பிடித்து அவளே ஏற்றியும்விட்டாள். விருந்துக்கு வந்த இடத்தில் சமைக்க வேண்டியிருந்தும் பெரியம்மாவுக்கு ஏன் கோபம் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. என் தம்பி குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போனான் என்று பெரியப்பா பல வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் மறு வருஷம் பெரியம்மா வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "சாவி எங்க?" என்பதுதான். அக்கா அப்போது கோவில்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போயிருந்தாள்.

பெரிய அருவியில் அன்று நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கத்தில் அப்பா எண்ணெய் தேய்க்கிறவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்சல் ஆபீசில் கட்டுமூட்டைகளோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்தானா என்று சந்தேகமாக இருந்தது. நாங்கள் பெண்கள் பக்கம் போனோம். அம்மா நேராக ஒரு கல்லில் போய் உட்கார்ந்து துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போயிக் குளிங்க. நான் துணியப் பாத்துக்கிடுதேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்மா, அது என் வேல!" என்று மூட்டையை அவள் மடியிலிருந்து பிடுங்கினேன். கல்லை விட்டு எழுந்திருக்கச் சொல்லி அவளைப் பிடித்துத் தள்ளவும் செய்தேன். அக்கா அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள்.

அம்மா முதலில் ஓரத்துத் தண்ணீரில் கையை நீட்டினாள். அப்புறம் தோளைக் கொடுத்தாள். அப்புறம் அப்படியே உள்ளே போய் நின்றுவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அம்மா நகரவில்லை. எனக்குப் பசி எடுத்துக் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தாள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்க, மூச்சு வாங்க, என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ராத்திரியும் இப்படித்தான் விழுமாட்டி?"

"ஆமா, ராத்திரியும் விழும்" என்று எல்லாம் தெரிந்தவள்போல் சொன்னேன்.

"யாரும் குளிக்காட்டாலுமா?"

"குளிக்காட்டாலும் விழும்."

அம்மா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடியும் அதற்குள் போனாள். நான் அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். "அம்மாவுக்கு இதுகூடத் தெரியலக்கா." அக்கா சிரிக்கவில்லை. "கூப்புடாதட்டி. நிக்கட்டும்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பசியைப் பொறுத்துக்கொண்டு, அம்மா எழுந்த கல்லில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூட்டையைக் கட்டிக்கொண்டேன். ஒரு துணிகூட நனையாமல் பார்த்துக்கொண்டேன் என்று அன்று முழுக்க எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.